40 என்றால் எந்த 40?

இந்தத் தடவை ஊருக்குப் போனதில் மற்றதெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அதை எழுதி என்ன ஆகப்போகிறது? சட்டை வாங்கிய கதைக்கு வருகிறேன்.

ஜெர்மனியில் முழுக்கைச் சட்டைக்கு என் சைஸ் 40. யோசிக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வேன். ஊரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் ரெடிமேட் பகுதியில் அதே 40 கேட்டேன். அங்கே நின்ற தம்பி இரண்டு கம்பெனிச் சட்டைகளை எடுத்துப் போட்டார். ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. இன்னொன்றில் நெஞ்சுப் பொத்தான்களுக்கு நடுவே துணி விரிந்து பனியன் எட்டிப் பார்த்தது.

"இதுவும் 40தான் சார், அதுவும் 40தான் சார்."

இரண்டு லேபிளையும் காட்டினார். உண்மைதான். பொய் என்றால் சண்டையாவது போடலாம். இரண்டையும் மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து ஒரு பக்கத் தையலைச் சேர்த்துப் பிடித்தேன். மறுபக்கம் மூன்று விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. அளந்து பார்க்க டேப் கேட்டால், "இங்க டேப் இல்ல சார், ஆல்டரேஷன்ல இருக்கும்" என்கிறார். அவ்வளவு பெரிய துணிக்கடையில் சட்டை விற்கும் இடத்தில் ஒரு டேப் இல்லை!

முன்பெல்லாம் சைஸ் என்ற பேச்சே கிடையாது. டெய்லரின் நோட்டில் நம் அளவு இருக்கும். நாம் பெருத்துவிட்டதை வீட்டில் இருப்பவர்களுக்கு முன்னால் அவர்தான் சொல்வார்.

ஆல்டரேஷன் மாஸ்டர் வந்தார். பொருந்திய சட்டையின் காலரைப் பிரித்துப் பொத்தானிலிருந்து காஜா வரை டேப்பை வைத்தார். 40 சென்டிமீட்டர். மற்றதன் லேபிளைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். "பொருந்தின சட்டையில 40ங்கறது கழுத்து, சென்டிமீட்டர். இதுல நெஞ்சு, இஞ்சு. சைஸ் வரிசையில 39 வந்தா கழுத்துக் கணக்குன்னு வச்சுக்கோங்க சார்."

அரை நிமிட வேலை! பலருக்குக் கழுத்தின் சென்டிமீட்டரும் நெஞ்சின் இஞ்சும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வந்துவிடுவதால் இந்தக் குழப்பம் வெளியே தெரிவதில்லை. மெல்லிய கழுத்தும் 42 இஞ்சு நெஞ்சும் உள்ள என்னைப் போன்றவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

வெளிநாடு மட்டும் ஒழுங்கா? கோட்டுக்கு ஜெர்மனியில் நெஞ்சின் சென்டிமீட்டர் அளவில் பாதி: 100 இருந்தால் சைஸ் 50. அதே ஆளுக்கு இங்கிலாந்தில் 40. பெண்கள் உடை இன்னும் மோசம். இங்கிலாந்தின் 12 அமெரிக்காவில் 8, ஜெர்மனியில் 38, பிரான்சில் 40, இத்தாலியில் 44. அந்த அமெரிக்க 8-க்கு 1958-இல் அரசு வெளியிட்ட அளவுப்படி இடுப்பு 23.5 இஞ்சு. அந்தத் தரமே 1983-இல் கைவிடப்பட்டது. இன்று பல கம்பெனிகளின் 8-இல் இடுப்பு அதைவிட நாலு இஞ்சுக்கு மேல் அதிகம். எண் ஏறினால் வாங்குபவர் முகம் சுளிப்பார் என்று துணியை மட்டும் ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் அங்கே இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பலாம் என்று ஐரோப்பியச் சட்டமே இருக்கிறது. இரண்டு சைஸ் வரவழைத்து ஒன்றைத் திருப்பி அனுப்புவது சர்வசாதாரணம். இங்கே கல்லாவுக்கு மேலேயே எழுதி மாட்டியிருக்கிறார்கள்: மாற்றித் தரப்படும், பணம் திரும்பத் தரப்பட மாட்டாது. அப்படிக் கறாராக இருப்பவர்கள், 40 எதன் அளவு என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்கலாமே.

சரி, நெஞ்சுக் கணக்குச் சட்டையில் 42 எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நெஞ்சு சரியாக இருந்தது. காலருக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போய்வந்தது. தம்பி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல் பட்டன் போடாதீங்க சார், தெரியாது."