பருப்பொருள் எப்படி மிஞ்சியது? மூன்று விளக்கங்களின் ஒப்பீடு

பெருவெடிப்பை அடுத்த கணங்களில் பருப்பொருளும், எதிர் மின்னூட்டம் கொண்ட அதன் இரட்டையான எதிர்ப்பொருளும் சம அளவில் இருந்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்து அண்டத்தில் ஒளி மட்டுமே எஞ்சியிருக்கும். விண்மீன்களும் கோள்களும் நாமும் இருப்பதற்குக் காரணம், ஏறத்தாழ நூறு கோடிக்கு ஒன்று என்ற விகிதத்தில் பருப்பொருள் மிஞ்சியதுதான். அந்த மிச்சத்துக்குத் தரப்படும் விளக்கங்களை 1967-இல் சோவியத் இயற்பியலாளர் ஆந்திரே சகாரோவ் வகுத்த மூன்று நிபந்தனைகளே இன்றும் எடைபோடுகின்றன: புரோட்டான், நியூட்ரான் போன்ற பேரியான்களின் நிகர எண்ணிக்கை மாறக்கூடியதாக இருக்க வேண்டும், துகளும் எதிர்த்துகளும் வேறுபட்டு நடந்துகொள்ள வேண்டும், அப்போது அண்டம் வெப்பச் சமநிலையில் இருக்கக் கூடாது.

முதல் விளக்கம், ஈர்ப்பு நீங்கலான அடிப்படை விசைகளை ஒன்றாகக் காணும் பேரொருங்கிணைப்புக் கொள்கைகளிலிருந்து வருகிறது. மிகக் கனமான துகள்கள் சிதைந்து, புரோட்டானின் உட்கூறுகளான குவார்க்குகளைச் சற்றுக் கூடுதலாக விட்டுச் சென்றன என்பது அதன் சாரம். அப்படியானால் புரோட்டானும் என்றாவது சிதைய வேண்டும். ஆனால் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே நிலத்தடி ஆய்வகம் 50,000 டன் நீரைக் கண்காணித்தும் அத்தகைய சிதைவு ஒன்றைக்கூட உறுதிசெய்யவில்லை. எளிய வடிவங்கள் இதனாலேயே அடிபட்டுப் போயின.

இரண்டாவது, மின்காந்த விசையும் மெல்விசையும் ஒன்றாக இருந்து பிரிந்த காலத்தைச் சார்ந்த மின்மெல்விசை வழி. அண்டம் குளிர்ந்தபோது, கொதிக்கும் நீரில் குமிழிகள் எழுவதுபோல் துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலம் ஆங்காங்கே விழித்தெழுந்து, அக்குமிழிகளின் விளிம்பில் சமநிலை குலைந்தது என்கிறது இது. அழகான கருத்துதான். ஆனால் 2012-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் கண்டறிந்த ஹிக்ஸ் துகளின் நிறை சுமார் 125 கிகா எலக்ட்ரான் வோல்ட். அவ்வளவு நிறையில், அறியப்பட்ட துகள்களை விவரிக்கும் இன்றைய திட்டக் கொள்கையின்படி (Standard Model), அந்த நிலைமாற்றம் குமிழிகளே இல்லாமல் சீராக நடந்தேறிவிடும். போதாக்குறைக்கு, 1964 முதல் குவார்க்குகளிடம் காணப்பட்டுவரும் துகள்-எதிர்த்துகள் வேறுபாடும் இந்த மிச்சத்துக்குச் சற்றும் போதாது. ஆகவே இவ்வழி பிழைக்க வேண்டுமானால் புதிய துகள்கள் தேவை.

என் மனம் சாய்வது 1986-இல் ஜப்பானிய இயற்பியலாளர்கள் ஃபுகுகிதாவும் யனகிடாவும் முன்வைத்த மூன்றாவது விளக்கத்தின் பக்கம். மின்னூட்டமற்ற நியூட்ரினோ துகள்களின் கனத்த உறவுகளான கனத்த நியூட்ரினோக்கள் சிதைந்து, முதலில் லெப்டான்களில் (எலக்ட்ரான், நியூட்ரினோ போன்றவை) ஏற்றத்தாழ்வை உண்டாக்கின. பின்னர் அதன் ஒரு பகுதி பேரியான் மிச்சமாக மாறியது. சாதாரண நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது 1998-இல் உறுதியானது. அந்த நிறை ஏன் அவ்வளவு அற்பமாக இருக்கிறது என்பதையும் அதே கனத்த துகள்கள் விளக்கிவிடுகின்றன. ஓர் அனுமானம் இரண்டு புதிர்களைத் தீர்ப்பதே இதன் வலு.

சோதனை என்று வரும்போது நிலைமை தலைகீழாகிறது. அந்தக் கனத்த நியூட்ரினோக்கள் பொதுவாக எந்தத் துகள் முடுக்கிக்கும் எட்டாதவை. அணுக்கரு ஒன்று நியூட்ரினோ எதையும் விடாமல் இரண்டு எலக்ட்ரான்களை உமிழும் இரட்டை பீட்டா சிதைவு கண்டறியப்பட்டால் இவ்விளக்கத்துக்கு ஆதரவு கூடுமே தவிர, அது நிரூபணமாகாது. மின்மெல்விசை வழி கோரும் புதிய துகள்களோ முடுக்கிகளில் நேரடியாகவும், எலக்ட்ரானின் மின் இருமுனைத் திருப்புத்திறனை (அதன் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் அளவை) அளக்கும் ஆய்வுகளில் மறைமுகமாகவும் அகப்படக்கூடியவை; அகப்படாத ஒவ்வொரு முறையும் அதன் இடம் குறுகிக்கொண்டே வருகிறது.