வடசென்னையின் சிற்றறைகளில் ஒரு 60 மி.மீ. மைக்ரோ லென்ஸ்: தடயப் படம் எடுப்பவரின் மதிப்புரை

சிறு பொருள்களை மிக அருகிலிருந்து பெரிதாகப் படமெடுக்க உதவும் நிக்கான் ஏஎஃப்-எஸ் மைக்ரோ நிக்கோர் 60 மி.மீ. எஃப்/2.8ஜி லென்ஸைப் பற்றி நான் படித்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை பூவையும் பூச்சியையும் படமெடுப்பவர்கள் எழுதியவை. அருகில் போனால் பூச்சி பறந்துவிடும் என்பதால் அவர்கள் 105 மி.மீ. லென்ஸையே பரிந்துரைக்கிறார்கள், அவர்கள் வேலைக்கு அது சரியும்கூட. பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டுடியோ நடத்திக்கொண்டு, காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும்போது கொலையோ திருட்டோ நடந்த இடத்துக்குப் போய்ப் படம் எடுத்துக் கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. நாங்கள் படமெடுக்கும் பொருள்கள் எங்கும் ஓடிவிடுவதில்லை. எங்களுக்குப் போதாமல் இருப்பது அறையின் அளவு.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை ஆகிய பகுதிகளின் ஒற்றை அறை வீடுகளில் கட்டில், பீரோ, தண்ணீர்க் குடங்கள் போக எஞ்சும் தரையில்தான் காலணித் தடம் கிடைக்கும். முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தடத்தை, பக்கத்தில் வைத்த அளவுகோலும் விளிம்பில் சிறிது இடமும் சேர்த்து நேர் மேலிருந்து எடுப்பதாகக் கொள்வோம். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய அளவு சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமராவில் 60 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் கேமரா தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் நின்றால் போதும்; அதே படத்துக்கு 105 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரம் கேட்கும். அந்த உயரத்தில் கவிழ்த்து வைத்த கேமராவின் திரையைப் பார்க்க ஸ்டூல் வேண்டும், ஸ்டூலை வைக்க இடம் வேண்டும், அந்த இடத்தில் வேறு தடயம் எதுவும் இல்லை என்பதை முதலில் உறுதி செய்யவும் வேண்டும். அதைவிடப் பெரிய முழுச் சட்ட (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரில் இந்த உயரங்கள் முறையே சுமார் 70 சென்டிமீட்டராகவும் 1.25 மீட்டராகவும் குறையும் என்பதால் 105-ஐயும் ஒருவாறு சமாளிக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் அத்தகைய கேமரா வைத்திருப்பவர்கள் குறைவு.

இந்த லென்ஸில் ஃபோகஸ் முழுவதும் உள்ளேயே நடைபெறுவதால் குழல் வெளியே நீளுவதில்லை. விற்பனைத் தாளில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்தச் செய்தி, கேமராவைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வேலை செய்பவருக்குப் பெரிய வசதி. இதற்கு முந்தைய டி வகை 60 மி.மீ. லென்ஸ் அருகில் ஃபோகஸ் செய்யும்போது முன்னால் நீளும்; கேமராவுக்குள் மோட்டார் இல்லாவிட்டால் அதில் ஆட்டோஃபோகஸும் இயங்காது. 2008-இல் வந்த ஜி வகையில் மோட்டார் லென்ஸிலேயே இருப்பதால் தொடக்கநிலைக் கேமராக்களிலும் இயங்குகிறது. எடை 425 கிராம்தான். முன்பக்க வளையம் சுழலாது என்பதால், 62 மி.மீ. போலரைசர் ஒன்றைப் பொருத்தி, டைல்ஸ் தரையிலும் ஈரமான சிமெண்டுத் தரையிலும் விழும் விளக்கொளியின் பளபளப்பை ஒருமுறை அடக்கிவிட்டால் அது அப்படியே நிற்கிறது.

இதில் எடுக்கும் படங்களில் நேர்கோடுகள் வளைவதில்லை. குறுக்கு விசாரணைக் கூண்டில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். கேமராவோடு வரும் ஜூம் லென்ஸின் அகலமான முனையில் தரை ஓடுகளின் கோடுகள் பீப்பாயின் பக்கங்களைப் போலப் புடைத்து நிற்கும். படத்தின் கோடே வளைந்திருக்கும்போது அதில் காணும் அளவை எப்படி ஏற்பது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால் அது நியாயமான கேள்வி. எல் வடிவ அளவுகோலின் மூலைகளில் உள்ள வட்டங்கள் படத்தில் வட்டமாகவே விழுந்திருக்கின்றனவா என்று பார்த்தால் கேமரா நேராக நின்றதா என்பது தெரிந்துவிடும். சாய்ந்திருந்தால் அவை நீள்வட்டமாகும். இந்த லென்ஸில் அந்தச் சோதனை படத்தின் ஓரம் வரைக்கும் நம்பத்தக்கதாக இருக்கிறது. அளவுகோல் இல்லாமல் ஒரு படம், வைத்து ஒரு படம் என்ற வரிசையை மட்டும் எந்த லென்ஸும் நமக்காகச் செய்யாது.

குறைகளுக்கு வருகிறேன். உருவத்தை உள்ளபடியே முழு அளவில், அதாவது 1:1 விகிதத்தில் பதிய வேண்டுமானால் லென்ஸின் முனைக்கும் பொருளுக்கும் நடுவே ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் இடைவெளிதான் கிடைக்கும். லென்ஸின் நிழலே பொருளின் மேல் விழும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒளி பாய்ச்சுவதற்கு இடமே இராது. கைரேகை எடுக்க இது உதவாது என்று சிலர் சொல்வதற்கு இதுவே காரணம். ஆனால் கைரேகைக்கு முழு அளவு தேவையில்லை. அமெரிக்கத் தர வழிகாட்டுதல்கள் கேட்பது அங்குலத்துக்கு 1000 பிக்சல். 24 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படத்தின் அகலம் 6000 பிக்சல் என்பதால், ஆறு அங்குல அகலமுள்ள பரப்பை ஒரே படத்தில் எடுத்தாலும் அந்தக் கணக்கு நிறைவேறிவிடும். அப்போது லென்ஸுக்கு முன்னால் ஓரடிக்கு மேல் இடம் இருக்கும். பீரோக் கதவின் ரேகையை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எடுக்க அது தாராளம்.

பிணவறையில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைகளில் பிரேதப் பரிசோதனை நடக்கும்போது மருத்துவரின் கைக்குக் குறுக்கே போகாமல் சற்றுத் தள்ளி நின்று காயத்தை எடுக்க வேண்டும். அங்கே 105 மி.மீ. லென்ஸின் தூரமும், அதிலுள்ள அதிர்வுத் தடுப்பும் உண்மையாகவே பயன்படுகின்றன. 60-இல் அதிர்வுத் தடுப்பு கிடையாது. முக்காலியில் வைத்து எடுக்கும் தடயப் படங்களில் அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. அதேபோல, அறை முழுவதையும் காட்டும் படத்துக்கு இந்த லென்ஸை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே பின்வாங்கிக்கொண்டே போவதில் பயனில்லை. அதற்கு அகலமான வேறொரு லென்ஸ் பையில் இருந்தாக வேண்டும்.

1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நிகழ்விடத்துக்கு வருவதையும், தடயம் சேகரிக்கும் பணி வீடியோவாகப் பதியப்படுவதையும் வேண்டுகிறது. அந்த வீடியோவைக் கைபேசியிலேயே எடுக்கலாம். அப்படியானால் இனி லென்ஸ் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யார் எதை எங்கிருந்து எடுத்தார் என்பதை வீடியோ காட்டும். காலணியின் அடியில் இருக்கும் சிறு வெட்டு தரையில் விட்ட குறியை, சந்தேகத்துக்குரியவரின் காலணியோடு ஒப்பிடும் அளவுக்குக் காட்ட அசையாத, அளவோடு கூடிய நிழற்படம்தான் வேண்டும். கைபேசியின் அகலமான லென்ஸும், தானாகவே விளிம்புகளைக் கூர்மையாக்கும் அதன் மென்பொருளும் அந்த ஒப்பீட்டில் கூடுதலான கேள்விகளையே கொண்டுவருகின்றன.

நான் வாங்கியது பழைய லென்ஸ்தான். 105-ஐவிட விலையும் குறைவாகவே இருந்தது. பழையது வாங்குபவர்கள், குறிப்பாகக் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலை ஒட்டி வசிப்பவர்கள், லென்ஸின் ஒரு முனையில் டார்ச்சை அடித்து மறுமுனை வழியாகப் பார்த்து, உள்ளே சிலந்தி வலை போன்ற பூஞ்சை இழைகள் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் அது எளிதில் பிடிக்கும். லென்ஸ் கேமராவில் பொருந்தும் மௌண்ட் பகுதியில் ரப்பர் வளையம் இருப்பது தூசியை ஓரளவு தடுக்கும். ஈரத்துக்கு அது போதாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டரும் போட்டு, 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருந்தால் கண்ணாடி தெளிவாகவே இருக்கும். 105-ஐ ஏற்கெனவே முழுச் சட்டக் கேமராவில் பயன்படுத்தி வருபவர்கள் அதை விற்றுவிட்டு இதை வாங்கத் தேவையில்லை. ஏபிஎஸ்-சி கேமராவோடு முதல் மைக்ரோ லென்ஸ் தேடுபவர்கள் 60-ஐயே எடுக்கலாம்.