கன்ட்ரி இசைத்தட்டுக்குள் இரண்டு சோல் பாடல்கள்: ‘தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்’

அமெரிக்கத் தெற்கின் கிராமிய மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையை ராக் இசையோடு கலந்த கன்ட்ரி ராக் என்னும் வகைக்கு அடித்தளமிட்ட இசைத்தட்டுகளில் ஒன்றாக ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவின் ‘தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்’ மதிக்கப்படுகிறது. 1969 பிப்ரவரியில் ஏ அண்ட் எம் நிறுவனம் வெளியிட்ட இந்தத் தட்டில் மொத்தம் 11 பாடல்கள். அவற்றுள் 9 பாடல்கள் குழுவினர் தாங்களாகவோ நண்பர்களோடு சேர்ந்தோ எழுதியவை. மற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவை இரண்டே. அந்த இரண்டும் கன்ட்ரி பாடல்கள் அல்ல, அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் இரண்டாண்டுகளுக்கு முன் பாடிப் பெயர் பெற்ற, தேவாலயப் பாட்டின் சாயல் கொண்ட சோல் பாடல்கள். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பழைய பாடல் ஒன்றைக்கூடத் தொடாத ஒரு கன்ட்ரி தட்டு என்பதே இதைப் பற்றி முதலில் சொல்லவேண்டிய செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தட்டை வாங்கலாமா என்ற கேள்விக்கான விடையும் பெரும்பாலும் அந்த இரண்டு பாடல்களைச் சுற்றியே இருக்கிறது.

குழுவின் நடுநாயகம் கிராம் பார்சன்ஸ். 1946-இல் ஃப்ளோரிடாவில் பிறந்து, ஜார்ஜியா மாநிலத்தின் வேக்ராஸ் ஊரில் வளர்ந்தவர். 1968-இல் சில மாதங்கள் பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் இருந்து ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ தட்டுக்குக் காரணமானவர். அந்தத் தட்டிலேயே, கன்ட்ரி பாடகர்களான லூவின் சகோதரர்கள், மெர்ல் ஹாகர்ட் ஆகியோரின் பாடல்களுக்கு நடுவே, சோல் பாடகர் வில்லியம் பெல் 1961-இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்காகப் பாடிய ‘யூ டோன்ட் மிஸ் யுவர் வாட்டர்’ இடம்பெற்றிருந்தது. ஆனால் ஒப்பந்தச் சிக்கலால் பார்சன்ஸின் குரல் நீக்கப்பட்டு, பேர்ட்ஸின் தலைவர் ரோஜர் மெக்வின்னின் குரலில் அது வெளிவந்தது. பேர்ட்ஸிலிருந்து வெளியேறிய பார்சன்ஸும் கிறிஸ் ஹில்மனும் மிசிசிப்பிக்காரரான கிறிஸ் எத்ரிட்ஜை பேஸ் கிட்டாருக்கும், ‘ஸ்னீக்கி’ பீட் கிளைனோவை பெடல் ஸ்டீல் கிட்டாருக்கும் சேர்த்துக்கொண்டு தொடங்கியதுதான் பரிட்டோ பிரதர்ஸ். வெளியான காலத்தில் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 164-ஆம் இடத்துக்கு மேல் இந்தத் தட்டு ஏறவில்லை.

அந்த இரு பாடல்களான ‘டூ ரைட் வுமன்’, ‘டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்’ ஆகியவற்றை எழுதியவர்கள் டான் பென், சிப்ஸ் மோமன் என்னும் இருவர். பென் அலபாமாக்காரர், மோமன் ஜார்ஜியாக்காரர். இருவரும் வெள்ளையர்கள், ரேடியோவில் கன்ட்ரி பாட்டையும் கறுப்பினப் பாட்டையும் மாறி மாறிக் கேட்டு வளர்ந்த தெற்கத்திக்காரர்கள். முதல் பாடலை அரீத்தா பிராங்க்ளின் 1967 ஜனவரியில் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரிலுள்ள ஃபேம் ஸ்டூடியோவில் பதிவுசெய்யத் தொடங்கினார். அன்று மூண்ட சச்சரவில் வேலை பாதியில் நின்று, பின்னர் நியூயார்க்கில் முடிந்தது. இரண்டாவது பாடலை, சோல் இசையின் மையங்களில் ஒன்றான மெம்ஃபிஸில், ஜேம்ஸ் கார் கோல்ட்வாக்ஸ் என்ற சிறிய நிறுவனத்துக்காகப் பாடினார். ஆகவே பரிட்டோக்கள் இவற்றைப் பாடியதை ‘கறுப்பினப் பாடலை வெள்ளையர் எடுத்துக்கொண்டனர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. எழுதப்பட்ட நாளிலேயே இரண்டு மரபுகளும் கலந்து நின்ற பாடல்கள் இவை. ஆனால் அவற்றை எவரும் மறக்க முடியாதபடி ஆக்கியவை அரீத்தாவின் குரலும் காரின் குரலும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மறு ஆக்கம் செய்பவர் எவராயினும் போட்டியிட வேண்டியது அந்தக் குரல்களோடுதான்.

‘டூ ரைட் வுமன்’ இந்தப் போட்டியில் தலைநிமிர்ந்து நிற்கிறது. அரீத்தாவின் பதிவில் தேவாலயத்தின் சாயல் அப்பட்டமாகத் தெரியும்: மெதுவான நடை, பின்னால் அவருடைய சகோதரிகளின் குரல்கள், வரிக்கு வரி ஏறிக்கொண்டே போகும் அதிகாரம். ஆணுக்கு நிபந்தனை விதிக்கும் ஒரு பெண்ணின் பேச்சு அது. அதே வரிகளை ஓர் ஆண், அதுவும் பார்சன்ஸைப் போல மெலிந்து நடுங்கும் குரலுடைய ஓர் ஆண் பாடும்போது நிபந்தனை விண்ணப்பமாகிவிடுகிறது. அரீத்தாவைப் போல உச்சத்துக்குத் தாவ அவர் முயலவில்லை. தம்மால் முடியாது என்று தெரிந்த இடங்களில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார், ஓரிரு இடங்களில் சுருதி லேசாக விலகுவதையும் திருத்தாமல் விட்டிருக்கிறார். பின்குரல்கள் இருக்கவேண்டிய இடத்தைக் கிளைனோவின் பெடல் ஸ்டீல் எடுத்துக்கொள்கிறது. தந்தியை விரலால் அழுத்தாமல், அதன்மேல் எஃகுத் துண்டை நகர்த்தியும் காலால் மிதிகளை இயக்கியும் சுரத்தை இழுக்கும் கருவி அது. பாடகர் வரியை முடித்த இடத்திலிருந்து அந்தக் கருவி பதில் சொல்லத் தொடங்குவதைக் கேட்டால், தேவாலயப் பாட்டில் போதகருக்கும் சபைக்கும் இடையில் நிகழும் மறுமொழி வேறொரு வடிவில் இங்கே தொடர்வது புரியும். பேர்ட்ஸின் முன்னாள் உறுப்பினர் டேவிட் கிராஸ்பி வந்து ஒரு துணைக்குரல் தந்திருக்கிறார். அது துருத்தாமல் கலந்திருப்பது நல்ல முடிவு.

அடுத்த பாடலைப் பற்றி அவ்வளவு தாராளமாக எழுத என்னால் முடியவில்லை. ‘டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்’ ஊர் அறியாமல் சந்திக்கும் இருவரைப் பற்றியது. ஜேம்ஸ் கார் அதைப் பாடும்போது, பிடிபடப்போகிறோம் என்ற அச்சம் ஒவ்வொரு மூச்சிலும் கேட்கும்; இசைக்குழுவும் அடக்கி வாசிக்கும், யாரும் குரலை உயர்த்தத் துணியாத ஓர் இடத்தில் நிற்பது போல. பரிட்டோக்களின் பதிவிலோ தாளம் கனக்கிறது, கிட்டார்கள் முன்னால் வந்துவிடுகின்றன, இரவு விடுதியின் மேடையில் நின்று உரக்க ஒப்புக்கொள்ளும் பாவனை வந்து சேர்கிறது. பார்சன்ஸின் குரலில் துயரம் இருக்கிறது, குற்ற உணர்வும் இருக்கிறது, ஆனால் பயம் இல்லை. பயம் போனால் இந்தப் பாடலில் எஞ்சுவது நல்ல மெட்டு மட்டுமே. இதே பாடலை 1968-இல் போர்ட்டர் வேகனரும் டாலி பார்ட்டனும் கன்ட்ரி இணைப்பாடலாகப் பாடியதையும், பிறகு ரை கூடர் 1972-இல் குரலே இல்லாமல் கிட்டாரில் வாசித்ததையும் கேட்டவர்களுக்கு, பரிட்டோக்களின் பதிவு நடுத்தரமாகவே தோன்றும். கெட்டுப்போன பதிவு என்று நான் சொல்லவில்லை. முந்தைய பாடலை ஒட்டியே இதை வைத்ததனால் குறை கூடுதலாகத் தெரிகிறது.

இந்த இரண்டையும் விட முக்கியமானது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ‘ஹாட் பரிட்டோ நம்பர் 1’ என்ற விளையாட்டுப் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருப்பது, எத்ரிட்ஜும் பார்சன்ஸும் சேர்ந்து எழுதிய முழுமையான சோல் பாடல். மெம்ஃபிஸிலிருந்து கற்றுக்கொண்ட அனைத்தும் இதில் இறங்கியிருக்கிறது: பியானோவைத் தாங்கி நகரும் மெதுநடை, சரணத்தில் தயங்கிப் பல்லவியில் உடையும் குரல், தன்மானத்தை விட்டுக்கொடுத்துக் கெஞ்சும் காதலன். கடன் வாங்கிய பாடல்களில் பார்சன்ஸ் வேறொருவரின் நிழலோடு மல்லுக்கு நிற்கிறார். இங்கே அந்தச் சுமை இல்லை. குரல் விரிசல் விடும் இடங்கள்தாம் பாடலின் உயிர். ஆங்கிலப் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ 1981-இல் ‘ஆல்மோஸ்ட் ப்ளூ’ தட்டுக்காக இதை ‘ஐ’ம் யுவர் டாய்’ என்ற பெயரில் பாடினார். சோல் பாடல்களைத் தேடிப் போனவர்களின் பாடலைத் தேடி இன்னொருவர் வந்தார் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. அடுத்து வரும் ‘ஹாட் பரிட்டோ நம்பர் 2’ பாடலில் கிளைனோ பெடல் ஸ்டீலை, ஒலியைச் சிதைத்துத் தரும் ஃபஸ் கருவி வழியாகச் செலுத்தி, அதைக் கரகரக்கும் மின் கிட்டாராகவே மாற்றிவிடுகிறார். ‘கம்பி’ என்ற களிமண் பொம்மைத் தொலைக்காட்சித் தொடரில் அசைவூட்டக் கலைஞராக வேலை பார்த்தவர் அவர் என்பதை அறிந்தபோது, கருவியை அதன் வழக்கமான வேலைக்கு வெளியே இழுக்கும் அந்தக் குறும்பு எனக்கு வியப்பளிக்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைச் சாடும் ‘சின் சிட்டி’ பாடலில் பார்சன்ஸும் ஹில்மனும் சேர்ந்து பாடும் இணைக்குரல் அருமை. வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பைத் தவிர்த்துக் கனடா போக நினைப்பவரின் ‘மை அங்கிள்’ உற்சாகமானது. கடைசியில் ஹில்மன் பேச்சாகவே சொல்லும் ‘ஹிப்பி பாய்’ ஒருமுறை கேட்கப் போதும். நான் இப்போது அதைத் தாண்டிவிடுகிறேன்.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலைவனத்தில் நிற்கும் நால்வரும் கன்ட்ரி நட்சத்திரங்களின் தையல்காரரான நூடி கோனின் கடையில் மானுவல் கியூவாஸ் தைத்த பளபளக்கும் உடைகளை அணிந்திருக்கிறார்கள். கன்ட்ரி நட்சத்திரங்கள் வண்டிச் சக்கரமும் கள்ளிச்செடியும் பூவேலையாகத் தைத்துக்கொண்ட இடத்தில் பார்சன்ஸ் கஞ்சா இலை, அபினிப் பூ, மாத்திரைகள் ஆகியவற்றைத் தைத்துக்கொண்டார். முதுகில் சிலுவையும் உண்டு. மரபின் மீதான பற்றும் அதைச் சீண்டும் ஆசையும் இந்தத் தட்டில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதை, இசையைக் கேட்கும் முன்பே இந்த ஒரு படம் காட்டிவிடுகிறது.

ஒலிப்பதிவைப் பற்றி வாங்குபவர்கள் அறிந்திருக்கவேண்டிய ஒன்று உண்டு. சில பாடல்களில், குறிப்பாக ‘கிறிஸ்டீன்ஸ் டியூன்’, ‘சின் சிட்டி’ ஆகியவற்றில், இரு பாடகர்களின் குரல்களையும் இடது வலதாக அடியோடு பிரித்து வைத்திருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு காதில் ஒருவர், மறு காதில் மற்றவர் என்று அலைக்கழிக்கும். அறையில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்துக் கேட்பதே நல்லது. தாள வாத்தியங்களும் ஒரே சீராக இல்லை. நிலையான டிரம்மர் இன்றிப் பலர் மாறி மாறி வாசித்ததன் விளைவு அது. சோல் இசையின் உறுதியான தாளக்கட்டுக்குப் பழகிய காதுகளுக்கு இந்தத் தளர்ச்சி உறுத்தலாம்.

குறுந்தட்டு வாங்க விரும்புவோருக்கு, இந்தத் தட்டையும் 1970-இல் வந்த ‘பரிட்டோ டீலக்ஸ்’ தட்டையும் முழுமையாக ஒன்றுசேர்த்து 2002-இல் வெளியான ‘சின் சிட்டி’ தொகுப்பைப் பரிந்துரைப்பேன். இரண்டாவது தட்டில் எத்ரிட்ஜ் இல்லை. அவரோடு சோல் மணமும் போய்விட்டது என்பதை அடுத்தடுத்துக் கேட்டாலே உணரலாம். இசைச் செயலிகளில் கேட்பவர்கள் முதலில் அரீத்தாவையும் ஜேம்ஸ் காரையும் கேட்டுவிட்டு இந்தத் தட்டுக்கு வருவது நல்லது. நேரம் குறைவென்றால் மூன்றாம் பாடலையும் எட்டாம் பாடலையும் மட்டும் கேளுங்கள். பிடித்திருந்தால் முழுத்தட்டையும் வாங்கலாம், பிடிக்கவில்லையென்றால் எஞ்சியவை உங்கள் மனத்தை மாற்றப்போவதில்லை.