லொறிக்குக் கேம்ஷாஃப்ட்: புதியதா, பஞ்சிகாவத்தைப் பழையதா, கிரைண்ட் செய்ததா?

எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் ஒரு மேடு தேய்ந்துவிட்டால் லொறி உடனே நின்றுவிடுவதில்லை. கினிகத்தேனையில் இருந்து வட்டவளைப் பக்கம் சுமையோடு ஏறும்போது இழுவை குறையும், புகை கூடும், டெப்பட் (மேட்டின்மேல் அமர்ந்து வால்வை நோக்கி உந்தும் உருளை) இடைவெளியைச் சரிசெய்த சில நாட்களிலேயே தட்டும் சத்தம் மறுபடி கேட்கும். எங்கள் மரக்கறி லொறி இந்நிலைக்கு வந்தபோது மூன்று வழிகள் இருந்தன: புதிய கேம்ஷாஃப்ட்டைப் புதிய டெப்பட்களோடு போடுவது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய ஒன்றை வாங்குவது, இருப்பதையே பட்டறையில் கொடுத்து மேடுகளை அரைத்துச் சீராக்குவது, அதாவது கிரைண்ட் செய்விப்பது. நாங்கள் புதியதைப் போட்டோம். இன்னொரு லொறிக்கும் அதையே செய்வேன்.

பழையது மலிவு என்பதில் விவாதமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி சில ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்ட பின்னர், உள்ள லொறியைப் பழுதுபார்த்தே ஓட்டும் வழக்கம் இன்னும் வலுத்துவிட்டதால், பழைய பாகத்தை நாடுவதில் குறைகாணவும் ஒன்றுமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது டெப்பட்தான். புஷ் ரொட் (டெப்பட்டின் அசைவை மேலே வால்வுப் பக்கம் கொண்டுபோகும் கம்பி) உள்ள எஞ்சின்களில் மேட்டின் முகம் சமமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் மிகச் சிறிய சரிவோடும், அதன்மேல் அமரும் டெப்பட்டின் அடி மிகச் சிறிய குவிவோடும் செய்யப்பட்டிருக்கும். அதனால் மேடு தூக்கும் ஒவ்வொரு முறையும் டெப்பட் தன் துளைக்குள் சற்றே சுழன்று, ஒரே இடத்தில் உரசாமல் தப்பிக்கிறது. ஓட ஓட ஒவ்வொரு டெப்பட்டும் தனக்குரிய மேட்டோடு மட்டுமே பொருந்திப் பழகிவிடும். அடி குழிந்த பழைய டெப்பட்டைப் புதிய கேம்ஷாஃப்ட்டின் மேல் வைத்தால் அது சுழலாமல் நின்று புதிய மேட்டையும் விரைவில் தின்றுவிடும். ஆகவே புதிய ஷாஃப்ட்டை வாங்கிவிட்டு டெப்பட்டில் மிச்சம் பிடிப்பது வீண். பஞ்சிகாவத்தையில் நாங்கள் பார்த்த ஷாஃப்ட்கள் தனியாகவே கிடந்தன. டெப்பட்கள் கிடைத்திருந்தாலும் எட்டில் எது எந்த மேட்டுக்குரியது என்று சொல்ல ஆளில்லை. மேடுகள் நல்ல நிலையில் இருந்தால் பழைய ஷாஃப்ட்டோடு புதிய டெப்பட்கள் ஒத்துப்போகும்தான். ஆனால் ஒவ்வொரு மேட்டின் உயரத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து, எஞ்சினின் கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிடாமல் அதை நம்ப முடியாது.

கிரைண்ட் செய்வதில் சிக்கல் வேறு. மேட்டின் கடினம் மேற்பரப்பில் சிறிதளவு ஆழத்துக்கே இருப்பதால், அதிகம் அரைத்தால் மென்மையான இரும்பு வெளிப்படும்; வெல்டிங் வைத்து நிரப்பினால் எல்லாம் செய்பவரின் கையில் இருக்கிறது. அப்படிச் செய்த ஷாஃப்ட்டோடு நான் லொறி ஓட்டியதில்லை. நல்ல பட்டறையில் செய்தால் நிலைக்கும் என்பவர்களை மறுத்துப் பேசும் அளவுக்கு என்னிடம் அனுபவம் இல்லை.

மூன்றில் எதைத் தெரிவுசெய்தாலும் வேலை ஒன்றுதான். வால்வை அழுத்தும் ரொக்கரையும் புஷ் ரொட்களையும் எடுத்து, ரேடியேட்டர், முன் புல்லி (பெல்ட் ஓடும் சில்லு), டைமிங் கவர் ஆகியவற்றைக் கழற்றி, ஷாஃப்ட்டை இழுக்கும்போது டெப்பட்கள் வழிமறிக்காதபடி மேலே பிடித்துவைக்க வேண்டும். சில எஞ்சின்களில் அதுவும் முடியாது, எஞ்சினை இறக்கிக் கவிழ்க்க வேண்டும். ஷாஃப்ட் சுழலும் புஷ்களையும் அதன் முன்பின் அசைவையும் பார்த்த பிறகு, கிராங்க் இரு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று என்ற கணக்குத் தவறாமல் கியர்களின் குறிகளைச் சேர்க்க வேண்டும். டீசல் பம்ப்பின் கியரும் அதே தொடரில் இருப்பதால் ஒரு பல் மாறினாலும் எல்லாம் பிழையாகிவிடும். இவ்வளவையும் சில மாதங்களில் மறுபடி செய்ய நேர்ந்தால் பழைய பாகத்தில் மிச்சம் பிடித்தது கூலியிலேயே போய்விடும். லொறி கராஜில் நிற்கிறதே என்று கோவாவும் லீக்ஸும் தோட்டத்தில் காத்திருப்பதுமில்லை.

புதியது கேட்கும் கண்டிப்பு முதல் அரைமணி நேரத்தில் இருக்கிறது. மேடுகளிலும் டெப்பட் அடியிலும் அதற்குரிய மசகுப் பசையைத் தடவி, டீசல் லைனில் காற்றெடுத்து, எஞ்சின் உடனே பிடிக்கும்படி ஆயத்தம் செய்ய வேண்டும். பிடித்ததும் 20 முதல் 30 நிமிடம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1500 முதல் 2000 சுற்றில் வைத்திருக்க வேண்டும், ஐட்லிங்கில் விடக்கூடாது. மேடுகளுக்குப் போகும் ஒயிலில் பெரும்பங்கு கிராங்க் சுழன்று தெளிப்பது. மெதுவாக ஓடும்போது அது போதாது. ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், குளிர்காலை எஞ்சினை ஐட்லிங்கில் விட்டுச் சூடாக்கும் பழக்கம் சாரதிகளின் கையோடு வந்தது. முதல் ஸ்டார்ட்டின்போது மட்டும் அதைத் தடுக்க உரிமையாளர் பக்கத்தில் நிற்பது நல்லது. பின்னர் ஒயிலையும் பில்டரையும் மாற்ற வேண்டும்.

முழு எஞ்சினாக வாங்கி, கண்முன்னே கழற்றி, டெப்பட்களை வரிசை மாறாமல் எண்ணிட்டு எடுக்க முடிபவர்களுக்குப் பழையதும் நல்ல தெரிவுதான். ஹெட்டின் மேலேயே கேம்ஷாஃப்ட் உள்ள எஞ்சின்களில் நான் வேலை பார்த்ததில்லை. அவற்றுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த வேண்டாம்.

மலையகத்தில் பழக்கமான மிட்சுபிஷி கென்டர் லொறியின் 4டி33 எஞ்சினில் வால்வு இடைவெளி, குளிர்ந்த நிலையில், 0.4 மில்லிமீற்றர். எந்த ஷாஃப்ட்டைப் போட்டாலும் முதல் சில நூறு கிலோமீற்றருக்குப் பிறகு அதை மறுபடி அளக்க வேண்டும். ஒரு வால்வின் இடைவெளி மட்டும் மற்றவற்றைவிடக் கூடியிருந்தால் அந்த மேடு தேய்கிறது என்று கொண்டு, இரும்புத் தூள் பெயரிங்குகளுக்குப் போய்ச்சேரும் முன் எஞ்சினைத் திறந்துவிட வேண்டும்.