ஜெல்லா, ஸ்பிரிட்டா? எஃப்என்ஏசி அறைக்கு வந்த ஸ்கேன் மெஷின்

கட்டியில் மெல்லிய ஊசி குத்தி, செல்களை எடுத்து ஸ்லைடில் பார்க்கும் பரிசோதனைதான் எஃப்என்ஏசி. ஊசி போகும் இடத்தைக் காட்டும் போர்ட்டபிள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷின் விலை இறங்கியதும் பெத்தாலஜி நண்பர்கள் கேட்பதெல்லாம் படத் தெளிவைப் பற்றித்தான். அதில் குறையே இல்லை. தோலில் வைத்துப் பார்க்கும் தட்டை முக லீனியர் ப்ரோபை 12 மெகாஹெர்ட்ஸில் வைத்து ஆழத்தை 3 செ.மீ.க்குக் குறைத்தால் 5 மி.மீ. தைராய்டு கட்டியும் பளிச்சென்று தெரியும். கேட்க வேண்டியது, ஒலி தடையின்றிப் போக ப்ரோபுக்கும் தோலுக்கும் நடுவே தடவும் ஜெல்லைப் பற்றி.

ஊசியோடு ஜெல் ஸ்லைடில் ஏறினால் அந்தக் குத்து வீண். செல்களுக்கு நிறமேற்றும் ஜீம்சா வகை ஸ்டெயினில் ஊதா நிறத்தில் துகள் துகளாகப் படிந்து செல்களை மூடிவிடும். அவசரமாகப் பார்த்தால் நெக்ரோசிஸ் (செத்த திசு) என்றே தோன்றும். சரி, ஜெல்லுக்குப் பதில் ஸ்பிரிட் என்று மாறினோம். ஸ்லைடு சுத்தமானது. ப்ரோப் முகத்து ரப்பர் லென்ஸ் ஓரத்தில் வெடித்தது. படத்தில் மேலிருந்து கீழே கறுப்புப் பட்டை. எந்த ரசாயனத்தை ப்ரோப் தாங்கும் என்ற பட்டியல் மேனுவலில் இருக்கிறது, விற்க வந்தவர் வாயில்தான் வரவில்லை.

இப்போதைய முறை: ப்ரோப் முகத்தில் பட்டாணியளவு ஜெல், மேலே ஸ்டெரைல் கவர். குமிழிகளை விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும், ஒன்று தங்கினாலும் கறுப்பு நிழல். கவருக்கு வெளியே, தோலில் சலைன் மட்டும். வாரம் ஒருமுறை ஜெல் இல்லாத வெறும் ப்ரோபின் மேல் பேப்பர் கிளிப் கம்பியை நகர்த்திப் பாருங்கள். கூடவே நகரும் வெள்ளைக் கோடு மங்கும் இடத்தில் ஒலியை உண்டாக்கும் கிரிஸ்டல் போயிருக்கிறது.

ஊசி 25 கேஜ், ரத்தம் அதிகம் வரும் தைராய்டுக்கு அதைவிட மெல்லிய 27. ப்ரோபின் நீளவாக்கில், சாய்வாகச் செலுத்துங்கள். செங்குத்தாக இறக்கினால் எதிரொலி ப்ரோபுக்குத் திரும்பாது, ஊசி மறைந்துவிடும்.

எதிர்பாராத சுகம் ஒன்று உண்டு: செல்கள் போதுமா என்று அங்கேயே பார்த்துவிடலாம். ஸ்லைடில் ஒரு துளி டாலூடின் ப்ளூ சாயம், கவர்ஸ்லிப், ஒரு நிமிடம். பத்துச் செல்லாவது உள்ள கொத்துகள் ஆறு தேறவில்லையா? நீர் கோத்த நடுப்பகுதியை விட்டு, கெட்டியான ஓரத்தில் மறுகுத்து. ஸ்லைடைப் பார்த்த கண்ணே ஊசிமுனையையும் பார்ப்பதால் சீட்டெழுதி நோயாளியை இன்னொரு நாள் வரச்சொல்லும் அலைச்சல் இல்லை.

இன்னொன்று: கருவின் பாலினம் கண்டறிவதைத் தடை செய்யும் 1994 பிசிபிஎன்டிடி சட்டப் பதிவு இல்லாமல் மெஷின் வாசல் தாண்டக் கூடாது, ஸ்கேன் செய்பவரின் தகுதியும் அதில் அடக்கம். முன்பணத்துக்கு முன்னால் அதை முடியுங்கள். போர்ட்டபிள்தானே என்று பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிப் போகவும் முடியாது.

படத்துக்குப் பத்துக்கு ஒன்பது. ஆனால் லென்ஸ் வெடிப்பு உத்தரவாதத்தில் வராது என்று கையை விரிக்கும் கம்பெனியா? பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.