வகுப்பறைத் திரைச்சீலையும் தோரணமும்: எந்தத் துணி, எந்த வளையம் நிலைக்கும்?

வகுப்பறை ஜன்னலுக்குத் தைக்கப் பொதுவாக மூன்று துணிகள் கைக்கு வரும்: சுத்தப் பருத்தி பாப்ளின் (நெருக்கமாக நெய்த மெல்லிய துணி), பாலி காட்டன் (பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தது), முழுப் பாலியஸ்டர். இவற்றில் வகுப்பறைக்கு ஏற்றது பாலி காட்டன்தான். பருத்தி பார்க்க அழகு, தைக்கவும் சுகம். ஆனால் முதல் சலவையிலேயே நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்கும். ஒவ்வொரு முறையும் இஸ்திரி கேட்கும். முழுப் பாலியஸ்டர் கசங்காது, சீக்கிரம் காயும். ஆனால் வெட்டிய ஓரம் பிசிறிக்கொண்டே போகும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிவிடும். பாலி காட்டனில் சுருக்கமும் கசங்கலும் பருத்தியைவிடக் குறைவு.

எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் அலசிக் காயவைக்க வேண்டும். அடர் சிவப்பு, கருநீலம் இரண்டையும் தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் தைத்த மஞ்சள் துணி முதல் சலவையோடு வீணாகும்.

நிறம் பார்த்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது துணியின் அகலத்தில். 120 செ.மீ. அகல ஜன்னலுக்குக் கம்பி இருபுறமும் 15 செ.மீ. நீண்டு 150 செ.மீ. இருக்கும். 110 செ.மீ. அகலத் துணியில் இரண்டு பாகம் தைத்தால், ஓரம் மடித்தபின் 200 செ.மீ.தான் மிஞ்சும். கொசுவம் போதாது, மூடியதும் ஏறக்குறைய தட்டையாக நிற்கும். 140 செ.மீ. அகலத் துணி என்றால் ஏறக்குறைய 260 செ.மீ. கிடைக்கும், கம்பியைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. அழகான கொசுவத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும். உயரம் 120 செ.மீ. ஜன்னலென்றால் மேலும் கீழும் 10 செ.மீ. சேர்த்து 140, கீழ் மடிப்புக்கு 15, தலைப்புக்கு (கம்பியில் மாட்டும் மேல் மடிப்புக்கு) 12, சுருக்கத்துக்கு 9. ஆக 176 செ.மீ., அதாவது ஒரு பாகத்துக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர், இரண்டுக்கும் 3.6 மீட்டர். பெரிய பூ, கட்டம் போன்ற அச்சுத் துணியில், இரு பாகமும் ஒரே உயரத்தில் பொருந்த ஒரு டிசைன் நீளம் கூடுதலாக வாங்குங்கள்.

வெட்டும்போது ஒரு நூலை உருவி, அந்தத் தடத்திலேயே கத்தரி ஓட்டுவது நல்லது. அச்சுக்கோட்டை நம்பி வெட்டினால் நேர் இழை தவறி, தொங்கவிட்டபின் கீழ்முனை ஒருபக்கம் முறுக்கிக்கொள்ளும். ஊசி 14ஆம் எண், பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 3 மி.மீ. தையல் சுருங்கி இழுத்தால் பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன்தான் காரணம். சற்றுத் தளர்த்துங்கள், தைக்கும்போது பின்னாலிருந்து துணியை இழுக்காதீர்கள்.

தலைப்பில் பிளாஸ்டிக் ஐலெட் வளையம் பரவாயில்லை, எடை குறைவு. ஆனால் உள்ளே பக்ரம் (விறைப்பான பட்டித் துணி) வைக்காமல் இரண்டடுக்குத் துணியில் மட்டும் பொருத்தினால் பிள்ளைகள் இழுத்த மாத்திரத்தில் கழன்றுவிடும். துளையை வளையத்தின் உள்விட்டத்தைவிட 2, 3 மி.மீ. மட்டுமே பெரிதாக வெட்டுங்கள். 130 செ.மீ. பாகத்துக்கு 8 வளையம்: ஓரத்திலிருந்து 5 செ.மீ., இடையில் சுமார் 17 செ.மீ. எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருந்தால்தான் இரு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பும்.

இஸ்திரி போட்டு ஒட்டும் ஓரப் பட்டியை இந்தத் திரைச்சீலைக்குப் பரிந்துரைக்க மாட்டோம். இழுப்பும் சலவையும் சேர்ந்தால் மடிப்பு திறந்துகொள்ளும். சுவரில் ஒட்டும் எழுத்துத் துணிக்கு அது போதும்.

தோரணத்துக்கு 20 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயர முக்கோணங்கள் வெட்டி, 5 செ.மீ. இடைவெளிவிட்டுக் கிராஸ் பட்டியில் (மூலைவாட்டில் வெட்டிய நாடாவில்) தைத்தால் 12 முக்கோணம் கிட்டத்தட்ட 3 மீட்டர் வரும். முனைக்கு 40 செ.மீ. வீதம் விட்டால் பட்டி 3.75 மீட்டர். ஒற்றைத் துணியானால் ஜிக்ஜாக் கத்தரியில் வெட்டுங்கள். நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த துணியான ஃபெல்ட்டில் பிசிறே கிடையாது. ஆனால் 1 மி.மீ. ஃபெல்ட் தொங்கித் துவளும், 2 மி.மீ. வாங்குவதே நல்லது.

மெல்லிய அடர்சிவப்புத் துணியை ஜன்னலில் போட்டால் நோட்டுத் தாளே சிவந்து தெரியும். பின்னால் வெள்ளை லைனிங் தையுங்கள். சிறு பிள்ளைகள் அறையில் திரையை ஒதுக்கிக் கட்டும் கயிறு தொங்கக் கூடாது, கழுத்தில் மாட்டும். பொத்தான், மணி தைத்த அலங்காரங்களைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். விளக்கு, ஹீட்டர், வெளியேறும் கதவு ஆகியவற்றை ஒட்டித் துணி எதையும் மாட்டாதீர்கள்.