செருப்படி வாங்கும் வாத்தியம்: மூன்று ஆண்டு அனுபவம்

75 மில்லிமீட்டர் பிவிசி குழாய், 3 மீட்டர் நீளத்தில் மூன்று. இரும்பறுக்கும் ரம்பம் ஒன்று. தேய்ந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. மூன்று ஆண்டுகளாக நான் வாசித்துவரும் வாத்தியத்துக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். குழாயின் வாயை மெத்தென்ற ரப்பரால் அறைந்தால் உள்ளிருக்கும் காற்று ‘தூம்’ என்று அதிரும். சாலமன் தீவுகளில் மூங்கில் குழாய்களை ரப்பர் செருப்பால் தட்டி வாசிக்கும் குழுக்களே இருக்கின்றன. என் வீட்டில்தான் சிக்கல்.

“வாத்தியத்தைப் போய்ச் செருப்பால் அடிப்பார்களா?” என்றார் அம்மா. வாரைக் கழற்றிவிட்டால் அது வெறும் ரப்பர் என்று வாதாடினேன். “காலில் போட்டதுதானே?” என்றார். பதில் இல்லை.

மோகன ராகத்துக்கு ஐந்து ஸ்வரங்கள், மேல் ஸ-வோடு ஆறு குழாய்கள். இரு முனையும் திறந்த குழாயின் நீளத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி (ஸ-விலிருந்து மேல் ஸ வரை) ஏறும் என்ற கணக்கை நம்பி, ஸ 180 செ.மீ., ரி 160, க 144, ப 120, த 108, மேல் ஸ 90 என்று அறுத்தேன். தட்டிப் பார்த்தால் மேலே போகப் போகச் சுருதி தொங்கியது. மேல் ஸ, ஒரு ஸ்வரஸ்தானத்தில் (ஸ்தாயியின் பன்னிரண்டு படிகளில் ஒன்று) பாதிக்குச் சற்றுக் குறைவாக இறங்கி நின்றது. இரண்டு நாள் ரம்பத்தைத் திட்டினேன். தவறு அதன்மேல் இல்லை. அதிரும் காற்று குழாயின் விளிம்போடு நிற்பதில்லை, இரு முனைகளிலும் சற்று வெளியே நீள்கிறது. இரண்டும் சேர்ந்து உள்விட்டத்தில் சுமார் 0.6 மடங்கு. என் குழாயில் 4 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். 180-க்கு அது பொருட்டல்ல, 90-க்குப் பெரும் பங்கு. ஆறு குழாய்களிலும் ஒரே அளவாக அந்த 4 செ.மீ. சொச்சத்தை அறுத்ததும் எல்லாம் வரிசைக்கு வந்துவிட்டன. நீளமானதற்கும் குட்டையானதற்கும் ஒரே வெட்டு என்பதை என் கை இன்னும் நம்பவில்லை.

மட்டைகள், அதாவது தட்டும் செருப்புகள், மூன்றாவது ஜோடியில் ஓடுகின்றன. புதுச் செருப்பு விறைப்பானது. ‘பட்’ என்ற அறைதான் கேட்கும், நாதம் வராது. நைந்து இளகிய பழசே உத்தமம். கட்டைவிரல் பக்கத்து ஓட்டையை ரப்பர் துண்டு வைத்து அடைக்க மறந்தால் ‘புஸ்’ என்று காற்றுப் போகும்.

வெயில் இதன் எதிரி. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போவதால் சுருதி ஏறும். டிசம்பர் விடியற்காலைக்கும் மே மாத மதியத்துக்கும் இடையே ஏறத்தாழ அரை ஸ்வரஸ்தானம் வித்தியாசம். ஆறும் சேர்ந்தே ஏறுவதால் தனியாக வாசிக்கும்போது தெரியாது. பக்கத்தில் ஹார்மோனியம் இருந்தால் மானம் போகும். பழைய எக்ஸ்ரே பிலிமைச் சுருட்டிக் குழாய்களின் கடைசி முனையில் செருகியிருக்கிறேன். கோடையில் சற்று வெளியே இழுத்துவிட்டால் போதும். ஒருமுறை மொட்டை மாடியில் மறந்து வைத்ததில் ஸ குழாய் வில்லாக வளைந்தது. பார்க்க அசிங்கம், நாதத்தில் குறையில்லை. இன்னொரு முறை த ஊமையாகிவிட்டது. உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. அன்றிலிருந்து வாய்களுக்குத் துணி மூடி.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, கிடையாது. மோகனத்தை எதிர்பார்த்து வருபவருக்கு அதன் எலும்புக்கூடுதான் கிடைக்கும். எனக்கு அதில் குறையில்லை. பாடுபவருக்குக் கீழே நின்று தாளத்தோடு ஸ்வரத்தையும் பிடித்துக்கொடுக்க இதைப்போல் ஒன்று கடையில் கிடைக்காது. அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் மட்டும் செய்ய வேண்டாம். இந்த அடித்தொனி சுவரைத் தாண்டும்.

முதல் ஆண்டு சரஸ்வதி பூஜைக்கு இதைக் கூடத்துக்குள்ளேயே விடவில்லை. போன ஆண்டு அம்மாவே ஆறு குழாய்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மட்டைகள் வாசலில், மற்றச் செருப்புகளோடு இருந்தன.